தேரிக்காட்டுச் சாட்சிகள்

பாளையங்கோட்டை

பாளையங்கோட்டையில் கோட்டையைத் தேடிப் போகிறவருக்கு அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். கொத்தளம் ஒன்றின் மேல் போலீஸ் ஸ்டேஷன் வைத்ததால் அதற்கு மேடை போலீஸ் ஸ்டேஷன் என்றே பெயர் விழுந்துவிட்டது. மதில் போன வழியில் இன்று வீடுகள், டியூஷன் சென்டர்கள், ஜெராக்ஸ் கடைகள். இத்தனைக்கும் நடுவில், கோட்டைக்குள் 1785இல் கட்டிய சிறிய ஆலயம் நிற்கிறது. குளோரிந்தா ஆலயம் என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிக்கிறார். பாப்பாத்தியம்மா கோயில் என்றதும் வண்டி கிளம்பிவிடுகிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை குளோரிந்தா. உடன்கட்டைத் தீயிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி அவரைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். பிறகு அவரோடே வாழ்ந்தார். அவரிடமே வேதமும் கற்றார். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். கல்யாணம் ஆகாமல் ஓர் ஆணோடு வாழ்கிற பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பது? லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டைக்கு வந்த அதே சுவார்ட்ஸ்தான் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதிய திருநெல்வேலிச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் குளோரிந்தா.

என்னோடு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இந்த இடத்தில் நின்றுவிட்டார். "யார் பேரு முதல்ல இருக்கு பாத்தீங்களா தம்பி? வெளிய நிறுத்துனாங்கள்லா, அவ பேரு." சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார். பதினாலு வயதில் இந்தக் கதையைக் கேட்டவராம். எழுபத்தைந்தில் சொல்லும்போதும் குரலில் ஒரு வீம்பு இருந்தது.

சென்னைப் புறநகரில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் உண்டு. திரையில் பெயர் வரும், கையில் மைக் வரும், மூன்று நிமிடம். வியாதி தீர்ந்தது, வேலை கிடைத்தது, குடி விட்டது, வீடு வாங்கியாயிற்று. எல்லாம் முடிந்துபோன சங்கதியாக இருக்க வேண்டும். வியாதி அப்படியே இருக்கிறது, இருந்தாலும் வருகிறேன் என்று யாரும் அந்த மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த வருத்தம் எனக்கு வெகுநாளாக உண்டு. லெந்து நாட்களில் தெற்கே போகலாம் என்று தோன்றியதற்கும் அதுதான் காரணம்.

ஆசிரியர் அடுத்து ஊசிக்கோபுரத்துக்குக் கூட்டிப் போனார். 1826இல் இரேனியஸ் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம். இன்று அது பேராலயம். இரேனியஸ் பிரஷ்யாக்காரர், லுத்தரன். ஆங்கிலேயச் சங்கத்தின் சம்பளத்தில் 1820இல் இங்கே வந்து ஊர் ஊராகச் சபை கட்டியவர். தம்முடைய உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் முறைப்படிதான் குருப்பட்டம் என்பதை அவர் ஏற்கவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் ஒழுங்குகளை விமர்சித்து அச்சிலும் எழுதினார். 1835இல் வேலையை விட்டு நீக்கினார்கள். ஆற்காட்டுக்குப் போனவரை இங்கிருந்த சபையார் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். சபை இரண்டுபட்டது. அந்தப் பிளவு ஆறுவதற்கு முன்பே, 1838 ஜூனில், 48 வயதுக்குள் இறந்துபோனார். கல்லறை அடைக்கலபுரத்தில் இருக்கிறது. நீக்கப்பட்ட மனிதரைத்தான் இப்போது திருநெல்வேலி அப்போஸ்தலர் என்கிறார்கள். அவருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

மதியம் ஆசிரியர் வீட்டில் சொதி. லெந்து என்பதால் கறி கிடையாது என்று அவர் மனைவி நாலு முறை வருத்தம் தெரிவித்தார். தேங்காய்ப்பாலும் இஞ்சிப் பச்சடியும் இருக்கும்போது எதற்கு வருத்தம் என்று எனக்குப் புரியவில்லை.

களக்காடு வழியாக டோனாவூர்

நாங்குநேரி தாண்டி மேற்கே திரும்பினால் ஊரே வேறாகிவிடுகிறது. மலை கிட்டே வந்துவிடும். களக்காட்டைச் சுற்றி வாழை, வாழை, அப்புறமும் வாழை. குலை தள்ளிய மரங்களுக்கு முட்டுக்கொடுத்த கம்புகளே ஒரு காடு மாதிரி நிற்கின்றன. குளங்களில் பங்குனியிலும் தண்ணீர் இருந்தது.

இந்தக் களக்காட்டில்தான் 1931 அக்டோபர் 24 அன்று, அந்திக் கருக்கலில், மிஷனரி ஏமி கார்மைக்கேல் ஒரு குழியில் விழுந்தார். மருந்தகத்துக்கென்று பார்த்திருந்த வீடு. வெட்டக்கூடாத இடத்தில் யாரோ வெட்டி வைத்த குழி. கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரி 18 வரை அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார்.

அயர்லாந்தின் வடகிழக்குக் கரையில் மில்லைல் என்ற ஊர்க்காரர். 1895இல் இந்தியா வந்தவர் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 1901இல் கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் ஓடிவந்தாள். அதிலிருந்து அவருடைய வேலையே மாறிப்போனது. கிராமம் கிராமமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தவர் பிள்ளை வளர்க்கிறவரானார். அந்தக் காலத்து மிஷனரிகளிலேயே சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் என்று அவர் எழுதிய புத்தகம் அவர்களைச் சங்கடப்படுத்தியது. இன்று அதைப் படித்தால் நமக்கு வேறு காரணத்துக்காகச் சங்கடமாக இருக்கிறது. தாம் வாழ்ந்த ஊரின் மதத்தில் இருட்டைத் தவிர வேறெதையும் அவர் பார்க்க முயலவில்லை. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு மனம் வராது.

டோனாவூருக்கு அந்தப் பெயரே இரேனியஸால் வந்தது. பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய பணத்தில் 1827இல் அவர் உண்டாக்கிய கிராமம் இது. பின்னால் பிள்ளைகளோடு ஏமி வந்து தங்கியதும் இங்கேதான்.

வளாகத்துக்குள் வேம்பும் புளியும், ஓட்டுக்கட்டிடங்களும். இங்கே பிள்ளை வளர்க்கும் பெண்களைச் சித்தி என்றும் ஆண்களை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். என்னிடம் பேசியவரும் ஒரு சித்திதான். எண்பதை நெருங்குகிறவர். கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்தவர். அம்மாய் என்று பிள்ளைகள் கூப்பிட்ட ஏமியை நேரில் பார்த்த ஞாபகம் உண்டா என்று கேட்டேன். "இல்லையே. பெரியவங்க சொன்னதைக் கேட்டுக்கேட்டு, பாத்த மாதிரி ஆயிட்டு. அதைப் பாத்தேன்னு சொன்னா பொய்தானே?"

பேசிக்கொண்டே அவர் ஓர் அறைக்குள் போனார். கட்டிலில் அவரைவிட மூத்த ஒருவர். சித்தி கிண்ணத்துக் கஞ்சியை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். கரண்டியை உதட்டோரம் வைத்துக் காத்திருந்தார். அந்த அக்கா வாயைத் திறக்க ஒரு நிமிடம் ஆயிற்று. விழுங்க இன்னும் நேரம். தாடையின் கீழே விரலால் மெல்லத் தடவினால் விழுங்குவார் என்று எனக்குக் காட்டித் தந்தார். கால் கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம். இடையில் ஒரு தடவைகூட அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. "எனக்கு ஜடை போட்டுவிட்டவங்க இவங்க. இப்ப என் பேரு தெரியாது. தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, பசிக்குந்தானே."

ஏமி படுக்கையிலிருந்து எழுதியவற்றில் 1933இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' நோயாளிகளுக்கு நோயாளி எழுதிய கடிதங்கள். நோயாளிக்கென்று எழுதப்படும் புத்தகங்களை எல்லாம் சுகமாக இருப்பவர்கள் எழுதுகிறார்கள் என்பது அவருக்குப் பெரிய குறை. சுகத்துக்காக ஜெபித்தார்கள், பல ஆண்டுகள். சுகம் வரவில்லை. 1948இல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். அதற்கப்புறம் கட்டிலே கதி. எங்கள் சபையின் சாட்சி நேரத்தில் இவருக்கு மைக் கிடைத்திருக்காது.

அவரைவிட எனக்கு மனதில் நிற்பவர் பொன்னம்மாள். இளம் விதவை, பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டில் அடைந்து கிடந்தவர். ஏமியோடு சேர்ந்த பிறகு, நெய்யூரில் மருத்துவமனையை ஒட்டிக் கைக்குழந்தைகளுக்கென்று வைத்த வீட்டைப் பார்த்துக்கொண்டார். வயிற்றுப்போக்கு பரவி அங்கே குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தன. வாங்கி வளர்த்த கையாலேயே அடக்கமும் செய்தார்கள். அத்தனைக்கும் பிறகு மறுபடியும் குழந்தைகளை வாங்கி வளர்த்தார் பொன்னம்மாள். 1915இல் புற்றுநோயில் இறந்தார். அவரைப் பற்றி ஏமி ஒரு புத்தகம் எழுதாமல் போயிருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

கல்லறைத் தோட்டத்தில் மரங்கள்தாம் இருக்கின்றன. தமக்குக் கல் வைக்கக் கூடாது என்று ஏமி சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, தாங்கள் அவரைக் கூப்பிட்ட ஒற்றைச் சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள். நாங்கள் போனபோது தவிட்டுக்குருவிகள் தொட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சித்தி அவற்றை விரட்டினார்: "எப்பப் பாத்தாலும் இதே ரகளை."

இடையன்குடி

வள்ளியூர் தாண்டிக் கிழக்கே வரவர மலை பின்வாங்கிவிடுகிறது. வாழை போய் உடைமரம். கரிசல் போய் மணல். காற்றில் உப்பு. திசையன்விளை பக்கம் இறங்கி ஒரு பதநீர் குடித்தேன். பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள்; கூடவே நறுக்கிய மாங்காய். காலையில் இறக்கியது, சுண்ணாம்பு மணம் லேசாக இருந்தது. நகரத்தில் பாட்டிலில் விற்பதையும் பதநீர் என்றுதான் சொல்கிறார்கள். சட்டப்படி அது குற்றமில்லை போலும்.

மிஷனரியான கால்டுவெல் 1841இல் மதராசிலிருந்து நடந்தே இந்தப் பக்கம் வந்தார். இடையன்குடியின் நேர்த்தெருக்கள் அவர் போட்டவை. அவர் மனைவி எலைசா நாகர்கோவில் மால்ட் ஐயர் மகள். பெண்களுக்குப் பள்ளியும் சரிகை பின்னும் வேலையும் அவர் கொண்டுவந்தவை. ஆலய வேலை 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. 33 வருடம். 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தால் தமிழ் உலகம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. மெரினாவில் சிலை இருக்கிறது.

ஊருக்குள் அவரைப் பற்றிப் பேசினால் வேறொரு புத்தகமும் வரும். 1849இல், தம் சபையின் பெரும்பகுதியான நாடார் மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் அது. ஆதரவு திரட்ட ஆங்கில வாசகருக்காக எழுதியதில், அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தவர்கள் என்ற தொனி. மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் வளர்ந்து அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். 1857இலேயே வெள்ளைக்காரர் இல்லாத தனிச் சபை கண்ட சட்டம்பிள்ளை போன்றவர்கள் அதை எதிர்த்து எழுதினார்கள். 1880களில் மறுப்பு நூல்களும் மனுக்களும் கிளம்பின. தாம் 40 வருடம் உழைத்த மக்களே தம்மேல் கோபமாக இருக்கும் காலத்தில் கால்டுவெல் முதுமை அடைந்தார். 1891 ஜனவரியில் பிஷப் பதவியிலிருந்து விலகினார். ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவந்து, ஆலயத்துக்குள் பலிபீடத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள்.

அங்கே பூ ஒழுங்கு செய்துகொண்டிருந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "அந்தப் புத்தகமா? தெரியும். எங்க அப்பச்சி அந்தப் பேரைச் சொன்னாலே ஏசுவாரு. அதுக்குன்னு ஆளை வெளியே கொண்டுபோய்ப் போடவா முடியும்? நாங்க கட்டுன கோயிலு, எங்களோட கிடக்காரு." அடுத்த பூவை எடுத்தார். அந்த 'நாங்க கட்டுன' என்பதில் இருந்த அழுத்தத்தை எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மன்னிப்புக் கேட்கிற உரிமை யாருக்கு, கொடுக்கிற உரிமை யாருக்கு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

தேரி

இட்டமொழியை ஒட்டிச் செம்மணல் தொடங்கிவிடும். இங்குள்ளவர்கள் அதைத் தேரி என்கிறார்கள். வெயிலில் கண் கூசும் சிவப்பு; மேலே பனை. நான் தங்கிய சிறிய ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பெரியவர் சொன்னது அவர் கதை.

எழுபத்தெட்டு வயது. ஐம்பது வருடம் பனையேறியவர். சட்டையில்லாத நெஞ்சில், மரத்தை அணைத்து ஏறிய இடம் காய்த்துப்போய்க் கறுத்து, தோலே இரட்டையாகத் தெரிந்தது. பனையேற உதவும் முருக்குத்தடியும் திளாப்பும் சுவரில் தொங்கின. மகன்கள் இருவரும் திருப்பூரில் இருக்கிறார்கள். ஏறுவதற்கு ஆளில்லை. ஆனாலும் பாளை அரிவாளை வாரம் ஒருமுறை தீட்டி வைக்கிறார்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று ஒரு காலத்தில் சபைக் கணக்கை அவரிடம் கொடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கைப்பிடியரிசி உண்டு. உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அதை ஏலம் விட்ட பணம் இவர் கையில் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு எடுத்துவிட்டார்.

"திருட்டுதான் தம்பி. அதுக்கு வேற பேரு வைக்கப்படாது. ஒவ்வொரு பொம்பளையும் சோத்துல ஒரு பிடி குறைச்சு வச்ச காசு."

கமிட்டி கூடியது. பொறுப்பிலிருந்து நீக்கினார்கள், இராப்போஜனம் நிறுத்தினார்கள். பணத்தை ஆறு பதநீர்ப் பருவம் ஏறிக் கட்டி முடித்தார். கட்டி முடித்தும் யாரும் முகம் கொடுக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லுமுன் எழுந்து போய்விடுவாராம். வேறு சபைக்குப் போகலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "அங்க நான் யோக்கியன் மாதிரி இருக்கணும். இங்கன எல்லாருக்கும் தெரியும், பாரம் இல்ல."

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊரே சேர்ந்து ஆக்கிச் சாப்பிடும் அசனம் நடக்கும். ஒரு வருடம் முந்தின ராத்திரி, சமையல் பந்தலுக்கு வெளியே இருட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சமையலுக்கு மூத்தவளான ஒரு கைம்பெண், இவரிடம் கைப்பிடியரிசியை ஏமாந்தவர்களில் ஒருத்திதான், ஒரு சாக்கு உள்ளியை இவர் காலடியில் தள்ளினாள். "எத்தனை நேரம் சும்மா நிப்பே? இதை உரி."

விடியும் வரை உரித்தார். மறு வருடமும் கூப்பிட்டார்கள். அதிலிருந்து உள்ளி அவர் பொறுப்பு. எப்போது இராப்போஜனம் திரும்பக் கிடைத்தது என்று கேட்டேன். யோசித்தார், அந்த வருடம் ஞாபகம் இல்லை என்றார். உள்ளி உரித்த வருடம் சரியாக ஞாபகம் இருந்தது.

"அப்போ மன்னிச்சுட்டாங்க?"

"மன்னிச்சோம்னு ஒருத்தரும் சொல்லல. உள்ளி உரிக்கச் சொல்லுதாங்க." சிறிது கழித்து அவரே சொன்னார்: "பேதுருவும் கரித்தீப் பக்கத்துல நின்னுதான் தெரியாதுன்னான். ஆண்டவரு பிறகு அவனைக் கூப்பிட்டதும் கரித்தீயில மீனைச் சுட்டு வச்சுக்கிட்டுத்தான். ஏன் அப்பிடிச் சொன்னேன்னு கேக்கவே இல்ல, பாருங்க. வேலையைக் குடுத்தாரு."

கணக்கு நோட்டு திரும்ப வந்ததா?

"வரல. வந்தாலும் தொட மாட்டேன்."

அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். கதை முழுக்க அடுக்களையில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "சாக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு," என்று மட்டும் திருத்திவிட்டுப் போனார்.

முதலூர்

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், கிறிஸ்தவர்களான குடும்பங்கள் துன்பத்துக்குத் தப்பி ஒதுங்க 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் முதலூர். தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் அதற்கு முன்னின்றார். இப்போது ஊருக்குப் பெயர் மஸ்கோத் அல்வாவால். நெய் ஊற்றாமல் தேங்காய்ப்பாலிலேயே மணிக்கணக்காகக் கிண்டுவது. கடையின் பின்கட்டில் ஒரு பையன் கிண்டிக்கொண்டிருந்தான். தோள்பட்டையில் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது. எண்ணெய் பிரிந்து ஓரம் விடும்போது அடுப்பைக் குறைக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு நொடிகூடக் கையை எடுக்கக் கூடாது என்றான்.

ஊரின் ஆரம்பம் சுகமானதாக இல்லை. பொறுப்பெடுத்துப் பார்க்க ஐரோப்பியக் குருமார் யாரும் நிலையாகத் தங்காத ஆண்டுகள் வந்தன. 1811இல் தென்மாவட்டங்களைக் கொள்ளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனபோது, விசுவாசத்தை விட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பியவர்கள் ஏராளம். சாவு வாசலில் நிற்கும்போது மனிதர்கள் தெரிந்த கதவைத்தான் தட்டுவார்கள். அதில் குற்றம் காண நாம் யார்? ஆனால் 1816இல் பாளையங்கோட்டைக்குப் படைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் விசாரித்துப் பார்த்தபோது, அங்கங்கே சிதறிச் சுமார் 3,000 பேர் இருந்தார்கள். வயதான உபதேசியார்கள் ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சிலர் போகவே இல்லை. சிலர் போய்த் திரும்பியிருக்க வேண்டும். யார் யார் என்று பிரித்து எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை.

அல்வாக் கடைக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொட்டலம் கட்டியபடியே அவர் நிமிர்ந்தார். "எங்க குடும்பம் ஆதி நாள்லயிருந்தே விசுவாசத்துலதான் சார். ஒருத்தரும் அசையல."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. "இந்த ஊர்ல எந்த வீட்டுல கேட்டாலும் இதையேதான் சொல்லுதானுவ. அப்போ காய்ச்சல் வந்தப்போ போனது யாருவே?"

"அது உங்க வீட்டு ஆளுங்களா இருக்கும்."

"இருக்கும்வே. அதுக்கென்ன, திரும்பி வந்துட்டோம்லா," என்றார் அண்ணாச்சி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. "அவருக்கு முந்திரி போட்டதுல கால் கிலோ சேத்துக் கட்டு. என் கணக்குல எழுதிக்கோ."